2015இல் வந்த இரண்டு மொழிகள்: ரஸ்ட், பெர்ல் 6 வெளியீட்டுப் பாதைகள்

2015 மே 15 அன்று ரஸ்ட் நிரல்மொழியின் 1.0 வெளியானது. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று பெர்ல் 6 தன் முதல் நிலையான வெளியீட்டைக் கண்டது. இரண்டுக்கும் உறவு எதுவும் கிடையாது. ரஸ்ட், மோஸில்லா நிறுவனத்தின் பிரவுசர் ஆய்வோடு சேர்ந்து வளர்ந்த மொழி. வேகமும் நினைவகப் பாதுகாப்பும் ஒருசேரத் தேவைப்படும் அடித்தள மென்பொருள்களுக்கானது. பெர்ல் 6, லாரி வால் 1987இல் தந்த பெர்ல் மொழியை அடியிலிருந்து திரும்பக் கட்டும் முயற்சி. உரையை அலசுவதிலும் இலக்கணங்களை எழுதுவதிலும் அதன் பலம். ஒன்றைப் பயன்படுத்துபவர் மற்றதைத் தொட்டே பார்த்திராமல் இருக்கலாம்.

ஆனாலும் இவற்றை அருகருகே வைத்துப் பார்க்க ஒரு நல்ல காரணம் உண்டு. ஏழு மாத இடைவெளியில் ஒரே கோட்டைத் தாண்டிய இவ்விரண்டும் அந்தக் கோட்டுக்கு வந்த விதமும், அதன்பின் நடந்த விதமும் முற்றிலும் வேறு. ஒரு மென்பொருள் கருவி முன்னேறுகிறதா, தேங்குகிறதா என்பதை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சோதனைக்களம் அமைவது அரிது.

வழக்கமாகக் கையில் எடுக்கப்படும் அளவுகோல்கள் மூன்று: பதிப்பு எண், வெளியீட்டுத் தேதி, புதிய வசதிகளின் பட்டியல். மூன்றும் பயன்படும். ஆனால் அந்த மொழியில் ஏற்கெனவே நிரல் எழுதி வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு வெளியீடும் என்ன வாக்குக் கொடுக்கிறது என்ற நான்காவது அளவுகோல் இல்லாமல் இவை மூன்றும் எளிதில் ஏமாற்றிவிடும்.

எண் சொல்வதும் சொல்லாததும்

பதிப்பு எண்களைக் கொண்டு இரு கருவிகளை ஒப்பிட முடியாது. டொனால்ட் நூத்தின் டெக் அச்சுக்கோப்பு மென்பொருளின் எண் ஒவ்வொரு திருத்தத்திலும் ‘பை’யின் மதிப்பை நோக்கி ஓர் இலக்கம் நீள்கிறது, 2021இல் அது 3.141592653 ஆனது. அங்கே எண் நீள்வது, மாற்றங்கள் ஓய்ந்துவருவதன் அடையாளம். பெர்ல் 6ஐச் செயல்படுத்த 2005இல் ஆட்ரி டாங் தொடங்கிய பக்ஸ் திட்டம் இரண்டு ‘பை’யை, அதாவது 6.283ஐ, இலக்காக வைத்தது. பெர்ல் 6இன் முதன்மைக் கம்பைலரான ராக்குடோ ஆண்டையும் மாதத்தையுமே எண்ணாக்கிக்கொண்டது: 2015.12, 2018.11. ரஸ்டில் 1.84க்கு அடுத்து 1.85. ஒவ்வொன்றும் தனித்தனி மொழி பேசும் எண்கள்.

எண்ணால் கேடு விளையவும் கூடும். ‘6’ என்ற ஒற்றை இலக்கம் பெர்ல் உலகத்துக்குப் பெரிய விலை வைத்தது. அடுத்த எண் அறிவிக்கப்பட்டுவிட்டதால் 5க்கு இனி எதிர்காலம் இல்லை என்ற எண்ணம் வெளியில் பரவியது. பெர்ல் 5.8 வந்தது 2002 ஜூலையில்; 5.10 வந்தது 2007 டிசம்பரில். இடையில் ஐந்தரை ஆண்டு. 2010இல் 5.12 வந்த பிறகுதான் பெர்ல் 5 ஆண்டுக்கொரு வெளியீடு என்ற ஒழுங்குக்கு வந்தது. 2020இல் பெர்ல் 7 அறிவிக்கப்பட்டு, பிறகு கைவிடப்பட்டதிலும் இந்த எண் சிக்கலின் நிழல் உண்டு. 6 வேறொரு மொழியின் பெயராகிவிட்டதால் 5க்கு அடுத்த படி எது என்பதே விவாதப் பொருளானது. 2019 அக்டோபரில் பெர்ல் 6, ராக்கு என்று பெயர் மாறியது. அறிவித்த நாளிலிருந்து பத்தொன்பது ஆண்டு கழித்து, இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று மறைக்காமல் நிற்க வழி பிறந்தது.

பதினைந்தரை ஆண்டுக் காத்திருப்பு

2000 ஜூலையில், கலிபோர்னியாவின் மான்டெரே நகரில் நடந்த மாநாட்டில் பெர்ல் 6 அறிவிக்கப்பட்டது. பெர்ல் சமூகம் உறங்கிக் கிடக்கிறது என்று கொதித்த அதன் உறுப்பினர் ஜான் ஆர்வன்ட், அங்கே நடந்த ஒரு கூட்டத்தில் காபிக் கோப்பைகளைச் சுவரில் வீசி எறிந்தது இன்றும் பேசப்படுகிறது. மாற்றம் வேண்டுமா என்று சமூகத்திடம் கேட்டபோது வந்து குவிந்த முன்மொழிவுகள் 361. லாரி வால் அவற்றைப் படித்து, பெர்ல் பாடநூலின் அத்தியாய வரிசையில், நீண்ட வடிவமைப்பு ஆவணங்களாகப் பதில் எழுதத் தொடங்கினார்.

இங்கே தேதி வேலையைத் தீர்மானிக்கவில்லை. வேலைதான் தேதியைத் தீர்மானித்தது. எப்போது வரும் என்ற கேள்விக்குச் சமூகத்தின் வாடிக்கையான விடை ‘கிறிஸ்துமஸுக்கு’. எந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் என்று மட்டும் சொல்வதில்லை. வடிவமைப்பு மாறினால் செயலாக்கமும் மாறியது. பேரட் என்ற மெய்நிகர் எந்திரத்தின் மேல் கட்டத் தொடங்கினார்கள். பிறகு ஹாஸ்கெல் மொழியில் பக்ஸ் வந்தது. பக்ஸ் கொஞ்ச காலத்தில் பெருவேகம் எடுத்தது. பிற்காலத்தில் தைவான் அமைச்சரவையில் அமர்ந்த ஆட்ரி டாங் அதிலிருந்து விலகியதும் அந்த வேகம் நின்றது. ஆனால் பக்ஸுக்காக எழுதத் தொடங்கிய சோதனைத் தொகுப்பு நிலைத்துவிட்டது. பின்னாளில் அந்தத் தொகுப்பே மொழியின் வரையறை ஆனது: அந்தச் சோதனைகளில் தேறும் எந்தக் கம்பைலரும் பெர்ல் 6 என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த நெடும்பயணம் தந்த மிக மதிப்பான விளைபொருள்களில் இது ஒன்று.

2015 பிப்ரவரியில், பிரஸ்ஸல்ஸ் நகரில் நடக்கும் ஃபோஸ்டெம் மாநாட்டில், லாரி வால் முதன்முறையாக ஆண்டைச் சொன்னார். செப்டம்பரில் தன் பிறந்தநாளுக்குள் பீட்டா, அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு வெளியீடு. மூன்று வேலைகள் முடிந்தாக வேண்டும் என்றும் வரையறுத்தார்: பட்டியல்கள் இயங்கும் முறையைச் சீரமைப்பது, எழுத்துகளை மனிதர் காணும் அலகுகளாகக் கையாள்வது, நிலையான அளவுகொண்ட அணிகள். தேதியும் பட்டியலும் ஒன்றாகக் கட்டப்பட்டதும் பதினோரு மாதத்துக்குள் வேலை முடிந்தது. 6.சி என்ற அந்த வெளியீட்டின் செல்லப்பெயரே ‘கிறிஸ்துமஸ்’.

42 நாளுக்கு ஒரு ரயில்

ரஸ்டின் தொடக்கம் 2006. கிரேடன் ஹோர் தனிப்பட்ட ஆர்வத்தில் எழுதத் தொடங்கிய மொழி அது. 2009இல் மோஸில்லா ஆதரவு கொடுத்தது. 2010இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. 2012 ஜனவரியில் 0.1 வந்தது. 1.0க்கு முந்தைய ரஸ்ட், மாறிக்கொண்டே இருந்த மொழி. ஒரு பதிப்பில் எழுதிய நிரல் அடுத்த பதிப்பில் ஓடும் என்ற உறுதி எதுவும் அப்போது இல்லை.

அந்த ஆண்டுகளில் ரஸ்ட் குழு சேர்த்ததைப் போலவே கழித்ததும் முக்கியம். டைப்ஸ்டேட் என்ற வசதி போனது. குப்பை சேகரிப்போடு கூடிய சுட்டிகள் போயின. மொழியே நிர்வகித்த இலகு இழைகள் 1.0க்குச் சற்று முன்பு நீக்கப்பட்டன. செர்வோ என்ற பிரவுசர் எந்திரம் அதே காலத்தில் ரஸ்டில் எழுதப்பட்டு வந்ததால், எந்த வசதி உண்மையான வேலைக்கு உதவுகிறது என்பது அன்றாடம் தெரிந்தது. பெர்ல் 6இன் வடிவமைப்பாளர்களுக்கு இப்படித் தோளோடு தோள் நின்று இழுக்கும் ஒரு பெரிய பயனர் நிரல் வாய்க்கவில்லை.

2014 அக்டோபரில் ரஸ்ட் குழு தன் வெளியீட்டு முறையை விளக்கியது. நிலைத்தன்மை வேண்டும், ஆனால் தேக்கம் கூடாது என்பது அதன் சாரம். குரோம், ஃபயர்பாக்ஸ் பிரவுசர்கள் ஏற்கெனவே நடத்திக் காட்டிய ரயில் முறையை அது மேற்கொண்டது. ஒவ்வோர் இரவும் நைட்லி பதிப்பு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை அது பீட்டாவாகப் பிரியும். அடுத்த ஆறு வாரத்தில் பீட்டா நிலையான பதிப்பாகும். அரைகுறை வசதிகள் நைட்லியில் மட்டும், வெளிப்படையாகக் கேட்டு இயக்கினால் மட்டும் வேலை செய்யும். தயாராகாத வசதிக்காக ரயில் நிற்காது. தவறவிட்டால் ஆறு வாரம் பொறுத்து அடுத்த ரயில்.

இந்த ஒழுங்கு எவ்வளவு கறாராகக் காக்கப்பட்டது என்பதைக் கணக்கே சொல்லும். 1.0 வெளியானது 2015 மே 15. 1.85 வெளியானது 2025 பிப்ரவரி 20. இடைப்பட்ட நாள்கள் 3,569. 85 சுற்றுகளை 42 நாளால் பெருக்கினால் 3,570. அந்த ஒரு நாள் வித்தியாசமும் தாமதத்தால் வந்ததன்று: 1.0 வெள்ளிக்கிழமை வந்தது, 1.1இலிருந்து வெளியீடு வியாழக்கிழமைக்கு மாறியது.

மாதந்தோறும் வந்தும் போதாதது ஏன்?

ஆகவே தவறாத கால அட்டவணைதான் ரஸ்டின் வெற்றி ரகசியம் என்று முடிவு கட்டத் தோன்றும். அந்த முடிவை ராக்குடோவே மறுக்கிறது.

ராக்குடோ கம்பைலர் 2009 முதலே மாதந்தோறும் வெளிவந்துகொண்டிருந்தது. உலகின் பல ஊர்களில் இயங்கும் பெர்ல் குழுக்களின் பெயர்களை அந்த வெளியீடுகளுக்குச் சூட்டினார்கள். 2010 ஜூலையில் முன்னோடிப் பயனர்களுக்கென ராக்குடோ ஸ்டார் என்ற தொகுப்பும் வந்தது. ரஸ்ட் 0.1 வெளிவரும் முன்பே, பெர்ல் 6 தரப்பில் ஒரு ரயில் மாதம் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் 2015 வரை ‘பெர்ல் 6 இன்னும் வரவில்லை’ என்பதே பொதுக் கருத்து.

அந்தக் கருத்து அநியாயமானதன்று. மாத வெளியீடு ஒவ்வொன்றும் புதிய திறனைத் தந்தது. ஆனால் இன்று எழுதும் நிரல் அடுத்த ஆண்டும் ஓடும் என்ற உறுதியைத் தரவில்லை. ரஸ்ட் 1.0 தந்ததும், 6.சி தந்ததும் அந்த உறுதிதான். அந்த நாளன்று மென்பொருளில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. எழுதியவர்களுக்கும் பயன்படுத்துபவர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் மாறியது. முன்னேற்றத்தை அளக்கும்போது வெளியீடுகளின் எண்ணிக்கையைவிட இந்த ஒப்பந்தத்தையே முதலில் பார்க்க வேண்டும்.

‘தமிழ்’ எத்தனை எழுத்து?

இரு பாதைகளின் வேறுபாட்டை, தமிழில் எழுதும் எவருக்கும் உடனே புரியும் ஓர் உதாரணம் காட்டுகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லில் மூன்று எழுத்து: த, மி, ழ். யூனிகோடு அதை ஐந்து குறிகளாகச் சேமிக்கிறது. மி, ழ் இரண்டிலும் அடிப்படை எழுத்தும் அதனோடு சேரும் குறியும் தனித்தனி. யூடிஎஃப்-8 முறையில் அது 15 பைட்.

இந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் ராக்கு 3 என்கிறது. ரஸ்டின் அடிப்படை நூலகம் பைட் கணக்கில் 15 என்றும், குறிக் கணக்கில் 5 என்றும் சொல்லும். 3 என்ற விடை வேண்டுமானால் வெளியில் உள்ள ஒரு நூலகத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேறுபாட்டுக்கு வேர் 2015இல் எடுக்கப்பட்ட முடிவுகளில் இருக்கிறது. வெளியீட்டுக்கு முன் முடிந்தே ஆக வேண்டியவை என்று லாரி வால் சொன்ன மூன்றில் ஒன்று இதுதான். எழுத்தை மனிதர் காணும் அலகாகவே கையாள, சரங்களின் உள்ளமைப்பையே மாற்றினார்கள். ரஸ்ட் குழுவிடமும் எழுத்தலகுகளைப் பிரிக்கும் வசதி சோதனை நிலையில் இருந்தது. யூனிகோடு விதிகள் ஆண்டுதோறும் மாறுபவை, அவற்றை நிலையான நூலகத்துக்குள் பூட்டிவிடக் கூடாது என்று கருதி, 2015இல் அதை வெளி நூலகமாகப் பிரித்தார்கள். ஒரு மொழி காத்திருந்து சரியான விடையை எல்லோருக்கும் இயல்பாக்கியது. மற்றது சுமையை இறக்கிவிட்டுக் குறித்த நாளில் கிளம்பியது. தமிழ் உரையைக் கையாள்பவருக்கு முதலாவது பெரிய வரம். அவருக்கு ராக்குவின் நீண்ட காத்திருப்பு வீண் காலமாகத் தெரியாது.

எதிரெதிர்த் திசையிலிருந்து ஒரே தீர்வுக்கு

இந்த ஒப்பீட்டில் மிகவும் கவனிக்க வேண்டியது 2015க்குப் பிந்தைய கதை. பழைய நிரல்களை உடைக்காமல் மொழியைத் திருத்துவது எப்படி? தொடர்பே இல்லாத இரண்டு குழுக்களும் ஏறத்தாழ ஒரே விடையை வந்தடைந்தன.

ராக்குவில் நிரலின் முதல் வரியிலேயே, இது 6.சி மொழியில் எழுதப்பட்டது என்றோ 6.டி மொழியில் எழுதப்பட்டது என்றோ அறிவிக்கலாம். ஒரே கம்பைலர் இரண்டையும் அதனதன் விதிப்படி நடத்தும். 6.டி வந்தது 2018 நவம்பரில், பண்டிகையை ஒட்டி. அதன் செல்லப்பெயர் ‘தீபாவளி’. அடுத்த மாதமே, 2018 டிசம்பர் 6 அன்று, ரஸ்ட் 1.31 தன் ‘2018 எடிஷனை’க் கொண்டுவந்தது. அங்கே திட்டத்தின் அமைப்புக் கோப்பில் எடிஷனைக் குறிப்பிட வேண்டும். பழைய எடிஷனில் எழுதிய நூலகமும் புதிய எடிஷனில் எழுதிய நிரலும் ஒரே செயலிக்குள் சேர்ந்து இயங்கும். ‘அசிங்க்’ என்ற சொல்லை 2018 எடிஷன் மொழிக்கென ஒதுக்கிக்கொண்டது. 2015 எடிஷனில் அதை மாறியின் பெயராக வைத்தவர் அப்படியே வைத்திருக்கலாம். அந்தச் சொல்லை நம்பிய வசதி 2019 நவம்பரில் 1.39இல் வந்தது. பின்னர் 2021 எடிஷன், 2025 பிப்ரவரியில் 2024 எடிஷன்.

வெளியிடும் முன் செய்யும் சோதனையிலும் இதே ஒற்றுமை. ரஸ்டின் கிரேட்டர் என்ற கருவி, பொதுவெளியில் உள்ள நூலகங்களைப் புதிய கம்பைலரில் ஓட்டிப் பார்த்து எது உடைகிறது என்று சொல்லும். ராக்குவில் அதே வேலையை ப்ளின் என்ற கருவி செய்கிறது.

இந்தத் தீர்வின் அருமை பைத்தானின் அனுபவத்தோடு வைத்துப் பார்த்தால் விளங்கும். பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். ஒரே நிரலுக்குள் 2இன் நூலகங்களும் 3இன் நூலகங்களும் கலக்க முடியாததால், சார்ந்துள்ள அத்தனையும் மாறும்வரை எவரும் மாற இயலவில்லை. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தபோது பதினோர் ஆண்டு கடந்திருந்தது.

ரயிலும் இடறும்

ரஸ்டின் முறைக்கும் குறைகள் உண்டு. 2021 மே 6 அன்று வந்த 1.52, பகுதி பகுதியாகக் கம்பைல் செய்யும் முறையில் நெடுநாளாக ஒளிந்திருந்த பிழைகளை வெளிக்கொண்டுவந்தது. நான்கே நாளில் 1.52.1 வெளியிட்டு அந்த முறையையே தற்காலிகமாக அணைத்து வைத்தார்கள். 2024 ஜூலையில் வந்த 1.80 அடிப்படை நூலகத்தில் ஒரு சிறு சேர்க்கையைச் செய்தது. அதனால் பரவலாகப் பயன்பட்ட ‘டைம்’ நூலகத்தின் பழைய பதிப்புகள் கம்பைல் ஆகாமல் போயின. வகையை ஊகிப்பதில் வரும் இத்தகைய உடைவுகளை ரஸ்டின் விதிமுறை அனுமதிக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு விதிமுறை ஆறுதல் ஆகாது.

தேதியைப் பிடிக்கும் அவசரம் ஆட்களையும் சோர்வடையச் செய்யும். 2018 எடிஷனுக்குள் நிறையத் திணித்ததால் நேர்ந்த நெருக்கடியை ரஸ்ட் குழுவினரே பதிவு செய்து, 2021 எடிஷனைத் திட்டமிட்டே சிறிதாக வைத்தார்கள்.

இன்னொரு குறை கண்ணுக்கு எளிதில் தெரியாது. ரயில் நிற்காது என்றால், ஏறாதவை நிலையத்தில் சேர்ந்துகொண்டே போகும். ஜெனரிக் அசோசியேட்டட் டைப்ஸ் என்ற வசதி 2016இல் முன்மொழியப்பட்டு 2022 நவம்பரில்தான் 1.65இல் நிலையானது. அதே 2016இல் ஏற்கப்பட்ட ஸ்பெஷலைசேஷன் பல ஆண்டுகள் கழிந்தும் நைட்லியைத் தாண்டவில்லை. பெர்ல் 6இன் காத்திருப்பு எல்லோர் கண்ணிலும் பட்டது. ரஸ்டில் அது வசதி வசதியாகப் பிரிந்து கிடப்பதால் கண்ணில் படுவதில்லை.

யார் உழைப்பில் ஓடுகிறது?

இந்த ஒப்பீட்டை நியாயமாக முடிக்க ஆள்பலத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ரஸ்டுக்கு மோஸில்லா சம்பளம் கொடுத்து ஒரு குழுவை வைத்திருந்தது. பெர்ல் 6 தன்னார்வலர்களையும் சிறு உதவித்தொகைகளையும் நம்பியே நடந்தது. 2008இல் ஒரு தனிநபர் கொடுத்த 2,00,000 டாலர் நன்கொடை அதன் வரலாற்றிலேயே பெரிய செய்தி.

பணம் குறைந்தபோது என்ன நடந்தது என்பதும் கவனத்துக்குரியது. 2020 ஆகஸ்ட் 11 அன்று மோஸில்லா 250 பேரைப் பணிநீக்கம் செய்தது. ரஸ்டிலும் செர்வோவிலும் உழைத்த பலர் அதில் வேலை இழந்தனர். பதினாறு நாள் கழித்து, ஆகஸ்ட் 27 அன்று, ரஸ்ட் 1.46 குறித்த நாளில் வெளியானது. வெளியீடு என்பது தனிமனிதர் தலையில் இல்லாமல் தானியங்கிக் கருவிகளிலும் எழுதிவைத்த நடைமுறையிலும் பகிர்ந்த பொறுப்பிலும் இருந்ததால் அது சாத்தியமானது. 2021 பிப்ரவரியில் அமேசான் வெப் சர்வீசஸ், கூகுள், ஹுவாவே, மைக்ரோசாஃப்ட், மோஸில்லா சேர்ந்து ரஸ்ட் அறக்கட்டளையை அமைத்தன. ஒருவர் விலகியதும் பக்ஸ் ஓய்ந்துபோனதோடு இதை ஒப்பிட்டால், வெளியீட்டு ஒழுங்கு வேகத்தை மட்டும் தருவதில்லை, ஆட்கள் மாறினாலும் பணி நிற்காமல் காக்கிறது என்பது தெளிவாகும். ராக்குவும் இந்தப் பாடத்தைத் தன் அளவில் கற்றிருக்கிறது. பெயர் மாறியபின் தேர்ந்தெடுக்கப்பட்ட வழிகாட்டுக் குழு அதை நடத்துகிறது. ராக்குடோவின் வெளியீடுகளும் தொடர்கின்றன.

மீதமிருப்பவை இரண்டு கேள்விகள். 6.டிக்குப் பின் 6.இ பல ஆண்டுகளாக முன்னோட்ட நிலையிலேயே இருக்கிறது. கம்பைலரின் முன்பகுதியைத் திரும்ப எழுதும் பெரிய வேலையோடு அது பிணைந்திருப்பதால், 2000இல் செய்தது போல மொழியின் தேதியை ஒரு மறுகட்டுமானத்தின் கையில் ராக்கு மீண்டும் கொடுத்துவிட்டதா என்று அதன் குழு கேட்டாக வேண்டும். ரஸ்ட் குழு எதிர்கொள்ள வேண்டியது வேறு: பல ஆண்டுகளாக நைட்லியில் கிடக்கும் வசதிகளில் எவற்றை முடிக்கப்போகிறது, எவற்றை 1.0க்கு முன் செய்தது போலத் துணிந்து நீக்கப்போகிறது என்பது. அடுத்த பத்தாண்டில் இவ்விரு கருவிகளையும் ஒப்பிடுபவர் வெளியீடுகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த இரண்டு கேள்விகளுக்கான விடையைப் பார்க்க வேண்டியிருக்கும்.